ஒரு சிலுப்பு

மூன்றாவது குடம் ஊற்றியும் கிடா சிலுப்பவில்லை.

மஞ்சள் தண்ணீர் கொம்பிலிருந்து சொட்டியது. கழுத்து மாலையில் இருந்த வேப்பிலையை எட்டிக் கடித்துக்கொண்டு அது சும்மா நின்றது. கயிறு என் கையில்.

தலையிலும் காதிலும் தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் கருப்பர் உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. அதுவரை வெட்டக் கூடாது. பூசாரி நாகராசு அரிவாளைத் தோளில் சாய்த்தபடி நின்றார்.

வேண்டுதல் காருக்கு. சவுதியிலிருந்து லீவில் வந்த திருமுருகன் வாங்கிய புதுக் கார். சாயங்காலம் அவனுக்குத் திருச்சியில் விமானம். இன்றைக்கு ஏறாவிட்டால் அங்கே வேலை இல்லை. பெட்டியும் பாஸ்போர்ட்டும் காரின் பின்பக்கம் ஏற்றியாயிற்று. கிடாவை வெட்டிவிட்டு நேரே ஏர்போர்ட்.

கிடா திருமுருகன் வீட்டாருடையது. பங்கு பேசி வாரத்துக்கு வளர்த்தது எங்கள் வீட்டில். குட்டியிலிருந்து என் பெண்டாட்டி இருளாயி கையால் தின்றது. காலையில் அதன் தலையை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். மாலையும் அவளே கட்டினாள். கோயிலுக்கு மட்டும் வரவில்லை.

"என்னண்ணே, சாமி கேக்குறது ஒங்க ஆட்டுக்குக் காதுல விழலையா?" என்றான் திருமுருகன். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

வெட்டப்போகிற வரைக்கும் அது அவன் ஆடு. சிலுப்பாவிட்டால் என் ஆடு.

பூசாரி யோசித்தார்.

"வேண்டுதல் வண்டிக்குத்தான தம்பி? வண்டிக்கும் ஒரு கொடம் ஊத்துங்க. கருப்பர் அதைத்தான் எதிர்பாக்குறாரு போல."

எங்கே ஊற்றுவது என்று பேச்சு வந்தது. ஆட்டுக்குத் தலை. காருக்குத் தலை எது? ஒருவர் பானட் என்றார். ஒருவர் கூரை என்றார்.

திருமுருகனின் ஆத்தா பிச்சையம்மாள்தான் முடித்துவைத்தார். "எதை அமுக்குனா வண்டிக்கு உசுரு வருதோ, அங்கிட்டு ஊத்துடா."

அது ஒரு பட்டன். சாவி போட்டுத் திருகுகிற வண்டி இல்லை அது. சாவி உள்ளே இருந்தால் போதும். முதலாளி யார், திருடன் யார் என்று வண்டிக்கே தெரியும். வாங்கின நாளிலிருந்து இதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான் திருமுருகன்.

ஏசி ஓடியதால் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. கதவைத் திறந்தான். சாவிக்கொத்தை கியர் பக்கத்தில் வைத்தான். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து, பட்டன் மேல் பக்தியோடு சாய்த்தான். கதவைச் சாத்திவிட்டுக் கும்பிட்டான்.

டக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன. ஹாரன் அலறியது. விளக்குகள் முன்னும் பின்னும் மின்னின. மழையில்லாமல் வைப்பர் அடித்தது. பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் காதைப் போல மடங்கின, விரிந்தன, மறுபடி மடங்கின.

பிச்சையம்மாள் குலவை போட்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

திருமுருகன் மட்டும் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டான். ஹாரன் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தான்.

"பயப்படாதீங்க சார், வண்டி ரொம்பப் பாதுகாப்பா இருக்கு," என்றது ஒரு பெண்குரல். "யாரோ திருட வந்திருக்காங்க. அதான் பூட்டிக்கிச்சு."

தண்ணீர் ஊற்றியதைச் சொன்னான். எதற்கு ஊற்றினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டது. கருப்பரில் ஆரம்பித்தான். ஆட்டுக்கு வந்தபோது லைன் கட்டாகிவிட்டது.

மாற்றுச் சாவி வீட்டு பீரோவில் இருந்தது. பீரோ சாவி காருக்குள், அதே கொத்தில்.

"கண்ணாடிய ஒடைங்கண்ணே," என்றான் என்னிடம். நான் கயிற்றைக் காட்டினேன். மற்றவர்களும் அசையவில்லை. அடுத்தவன் புது வண்டியில் யார் கை வைப்பது?

பூசாரி தோளிலிருந்து அரிவாளை இறக்கினார்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தண்ணிய ஊத்துனதும் சிலுப்புனது எது? ஆடா, வண்டியா?"

கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

பலி சாமியைப் பார்த்து நிற்க வேண்டும். காரில் சாமியைப் பார்த்து நின்றது பின்கண்ணாடி. இலுப்பூரில் ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இருந்தது. எழுத்துக் கூட்டினேன். கருப்பர் துணை. கூட்டி முடிப்பதற்குள் அரிவாள் இறங்கியது.

துணை உதிர்ந்தது. கருப்பர் மட்டும் ஸ்டிக்கரோடு தொங்கினார்.

காசு கொடுத்து வாங்கியவன் திருடனைப் போலப் பின்பக்கமாக இடுப்பு வரை நுழைந்தான். பெட்டி வந்தது. பாஸ்போர்ட் வந்தது. சாவி வந்தது. கதவைத் திறந்து பட்டனை அமுக்கிப் பார்த்தான். முதலாளியை வண்டிக்கு அடையாளம் தெரியவில்லை.

யாரோ பைக்கை எடுத்தார்கள். பெட்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தான். கிளம்பும்போது கோயில் பக்கம் திரும்பினான். கும்பிடுவதா வேண்டாமா என்று அவன் கைகளுக்குத் தெரியவில்லை.

"ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு பலி கெடையாது," என்றார் பூசாரி, அரிவாளைத் துடைத்தபடி.

பிச்சையம்மாள் கிடாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமி வேண்டாம்னதை எங்க வீட்டுல எப்புடிக் கட்டுறது? நீயே கொண்டு போ."

ஹாரன் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.

இருளாயி வாசலில் நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உட்கார்ந்து கிடாவின் தலையை இழுத்து மடியில் வைத்தாள். ஒரு காதுக்குள் விரலை விட்டாள். எண்ணெய் தோய்ந்த பஞ்சு உருண்டை ஒன்று வந்தது. அடுத்த காதிலும் ஒன்று.

கிடா உடம்பெல்லாம் குலுங்க ஒரு சிலுப்பு சிலுப்பியது.