12,100 பேர் வாழும் ஊர்

"எடுத்துக்குங்க. ரயிலைத் தவறவிட்டவன், இதையாவது சூடு ஆறாம வாங்கிட்டு வந்திருக்கான்" என்று சமோசாத் தட்டை விருந்தாளிகள் பக்கம் நகர்த்தினார் பபிதாவின் அப்பா. வாங்கிவந்த அவதேஷ் தலையைக் குனிந்தபடி கதவோரம் போய் நின்றான்.

பபிதாவுக்கு அண்ணன்மேல் இரக்கம் வரவில்லை. பாட்னாவில் அறை எடுத்து வருடக்கணக்கில் படித்தவன், வயது வரம்புப்படி கடைசி வாய்ப்பான அரசு வேலைப் பரீட்சையன்று, அது நடந்த கயாவுக்குப் போகும் ரயிலை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றான். அன்று சாயங்காலமே, பரீட்சையில் வந்ததாம் என்று ஒரு மக்கள்தொகைக் கணக்கைச் சொல்லி, அவளைப் போடச் சொன்னான். அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அதே பரீட்சையில், அதுவும் கணக்கில் முழு மதிப்பெண்ணோடு தேறியவன் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தான். நீரஜ், அவதேஷின் அறைத்தோழன். அரசு வேலை மாப்பிள்ளை என்றால் கார் வரைக்கும் கேட்கிற ஊரில், இவனுடைய அப்பா பெண்ணைத் தவிர எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெரியவர்கள் பேச்சில் இறங்கியதும் இருவரையும் முற்றத்துக்கு அனுப்பினார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், அவள் அந்தக் கணக்கையே கேட்டாள்.

"ஒரு ஊர்ல இப்ப பன்னிரண்டாயிரத்து நூறு பேர். வருஷம் பத்து சதவீதம் கூடுது. ரெண்டு வருஷம் முன்னாடி எத்தனை பேர்? உங்க பரீட்சையில வந்துச்சாமே?"

நீரஜ் சிரித்தான். "இதெல்லாம் ஒரு கணக்கா? ரெண்டு பத்து இருபது. இருபது சதவீதத்தைக் கழிச்சுடுங்க. ஒன்பதாயிரத்து அறுநூத்தி எண்பது."

பபிதா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவதேஷ் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது முதன்முதலில் காட்டிய பொறியே இதுதான். கழிக்கக் கூடாது, ஒன்று புள்ளி ஒன்றால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். விடை பத்தாயிரம். அவசரக்காரர்கள் விழட்டும் என்றே 9,680-ஐயும் நான்கு விடைகளில் ஒன்றாக வைப்பார்கள். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன் அதில் போய் விழுகிறானே!

அவள் அண்ணனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் சிநேகிதன் நம்மை நல்லா ஏமாத்துறான். இந்தக் கணக்கு தெரியாதவன் எப்படிப் பாஸ் பண்ணுவான்? வேலை கிடைச்சதுங்கறதே பொய். அப்பாகிட்ட சொல்லப் போறேன்."

"வேலை நிஜம்தான். ஆர்டரை நானே பார்த்தேன்."

"அப்போ பரீட்சையை எப்படி எழுதினான்?"

அவதேஷ் பொங்கி வந்த பாலை இறக்கி வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, நீதான் ரயிலை விட்டுட்டியே. அந்தக் கணக்கு வந்தது உனக்கு அன்னிக்கே எப்படித் தெரியும்?"

கூடத்தில் அப்பா, வரதட்சணை வேண்டாம் என்ற சம்பந்தியின் பெரிய மனதைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவதேஷ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அவங்க வேண்டாம்னு சொல்லலை, பபிதா. நான் கொடுத்துட்டேன்."