ஃப்ராவ் அய்யாதுரை

"ஃப்ராவ் அய்யாதுரை."

யாரும் கை தூக்கவில்லை.

அவளும் சுற்றிப் பார்த்தாள். அப்பாவை இங்கே யார் கூப்பிடுகிறார்கள்?

ஆசிரியை பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். பதினான்கு பேரில் மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான்.

ஜெர்மனிக்கு வந்து மூன்றாம் நாள். மொழி வகுப்பில் முதல் நாள்.

கோவில்பட்டியில் அவள் அ. செண்பகவல்லி. இருபத்திரண்டு வருடமாக அந்த 'அ' ஒரு புள்ளியோடு பேசாமல் இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அதை நீட்டி எழுதச் சொன்னார்கள். இந்த ஊரிலோ பெயர் என்றால் குடும்பப் பெயர்தானாம். ஃப்ராவ் என்பது பெண்களுக்குப் போடுகிற மரியாதையாம்.

அப்பாவுக்கு ஃப்ராவ். நல்ல கூத்துதான்.

"அது என் அப்பாவின் பெயர். நான் செண்பகவல்லி" என்றாள் ஆங்கிலத்தில்.

ஆசிரியை சொல்லிப் பார்த்தார். செண்பக வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்தது. அதற்குமேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். பட்டியலின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மறுநாளும் ஃப்ராவ் அய்யாதுரை.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை தூரம் தனியாக வந்தது அப்பா பெயரில் உட்காரவா?

விடுதி வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். பெயர் இல்லாவிட்டால் தபால் வராது என்று விடுதிக்காரர் சொன்னார். அவரே அச்சடித்து ஒட்டியும் விட்டார்.

அய்யாதுரை. அவ்வளவுதான். இவள் பெயர் அதிலும் இல்லை.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். டீக்கடையில் வேலையில் இருந்தார். பின்னால் பாய்லர் இரைந்தது.

"வெள்ளைக்காரன் வாயால என்னையத் துரைன்னு கூப்பிட வச்சிட்டியே தாயி."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நான்தான் ஆறாப்புத் தாண்டல. எம் பேராவது படிக்கட்டும், விடு."

"அதெல்லாம் இல்லப்பா. மாத்தச் சொல்லிருக்கேன். மறுபடியும் சொல்வேன்."

"சரி தாயி. மாத்துற வரைக்கும் நான் உக்காந்துக்கிறேன்."

வியாழக்கிழமை மறுபடியும் சொன்னாள். ஆசிரியை தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா போன் செய்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லையாம்.

பெட்டியை இழுத்துக் கட்டில்மேல் வைத்தாள். இன்னும் முழுதாகப் பிரிக்காத பெட்டி. எடுத்திருந்த நாலு துணியைத் திரும்பத் திணித்தாள். அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அம்மா போனை வாங்கினாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"வராத. வந்தா நீ திரும்பிப் போக மாட்ட. என்னைய இப்படிப் பாத்துட்டு உனக்குக் கால் நகராது. அவுக ஆசைப்பட்ட படிப்பு. அங்கயே இரு."

அம்மா சொன்னது நிஜம். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

பெட்டி கட்டில்மேலேயே இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை சித்தப்பா வீடியோ கால் போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. கால்கள் தெரிந்தன. மாலைகளுக்கு நடுவில் அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. தெருமுனையில் கடைக்கு வருகிறவர்கள் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'எங்கள் மாஸ்டர்'.

பெயர் இல்லை.

பாடியை எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க என்று யாரோ கேட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. கடையில் மாஸ்டர். அம்மாவுக்கு ஏங்க. சித்தப்பாவுக்கு அண்ணன். அவளுக்கு அப்பா.

இங்கேதான் கூப்பிட்டார்கள். தினமும் காலையில், சத்தமாக, மரியாதையோடு.

அவள்தான் வேண்டாம் என்று சொன்னாள்.

அவர்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. சித்தப்பாவின் கையிலிருந்த போனில் அவள் போனாள். நெருப்பு வைக்கும்போது சிக்னல் போய்விட்டது.

திங்கட்கிழமை பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள். வாசலில் மணிக்குப் பக்கத்திலிருந்த பெயரை விரலால் ஒரு தடவை தடவினாள். மூலை லேசாகப் பிரிந்திருந்தது. அழுத்தி ஒட்டினாள்.

ஆசிரியை பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அவள் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பட்டியலைப் பார்க்காமலே சொன்னார்.

"செண்பகவல்லி."

பிசகில்லாமல் வந்தது. சனி, ஞாயிறு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். பரீட்சையில் தேறியவர் மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது.

அவள் கை தூக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"தப்பாகச் சொல்லிவிட்டேனா?" என்றார் ஆசிரியை.

இல்லை என்று தலையாட்டினாள். எழுந்து நின்றாள்.

"பழைய பெயரையே கூப்பிடுங்கள்."

ஆசிரியைக்குப் புரியவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பட்டியலில் தேடினார்.

"ஃப்ராவ் அய்யாதுரை."

அவள் கை தூக்கினாள்.

"நாளைக்கும்" என்றாள்.