திரையில் நேற்றைய தேதி

ஓசூர் நாடக அரங்கின் பூட்டிய கேட்டில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய கணவனும் மனைவியும் வாட்ச்மேன் முன்னால் திகைத்து நிற்கிறார்கள். "நாடகம் நேத்தே முடிஞ்சிருச்சுங்க," என்கிறார் அவர். அரங்கின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆஃப்ஷீன் கேட்டருகே நின்று இதைக் கேட்கிறாள். சைட்டின் நகலில் சோதித்துப் பார்க்காமல், ஓடிக்கொண்டிருந்த சைட்டிலேயே நாடகத் தேதிகளைக் காட்டும் காலண்டர் பிளக்-இன்னை அப்டேட் செய்தவள் அவள்தான். அதில் நாடகத் தேதி ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. நேற்று பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த பிறகுதான் விஷயம் புரிந்து, இன்று காலையில் ஓசைப்படாமல் திருத்தியிருக்கிறாள். "இன்னைக்குன்னுதானே போட்டிருந்துச்சு," என்று கணவர் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். திரையில் நேற்றைய தேதி. "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்கிறாள் மனைவி, இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில். "நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் போல," என்று அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆஃப்ஷீன் வாயைத் திறக்கிறாள். "பரவால்லீங்கண்ணா," என்கிறாள், "அடுத்த தடவ நல்லாப் பாத்துட்டு வாங்க."