செங்குத்துப் பாறையில் ஒரு பாதை

மருந்துக்கடைக்காரி லீவு நாளெல்லாம் போனும் கையுமாக மலைப்பாதைகளை நடந்து பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும் வரைபடத்தில் ஏற்றுவாள். “ஊருக்கெல்லாம் வழி போடுற, அடுப்படிக்கு வழி தெரியல” என்று புருஷன் கிண்டலடிப்பான்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அவள் வரைந்த ஒரு பாதை, நேரில் போனபோது செங்குத்துப் பாறையாக நின்றது. அன்றே வரைபடத்திலிருந்து அழித்துவிட்டாள்.

அடுத்த மழையில் மண் சரிந்து வழி அடைபட, சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் உச்சியில் மாட்டிக்கொண்டார்கள். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் புருஷனும் அடிவாரத்துக்கு ஓடினார்கள். மீட்புக்குழு கயிற்றை அவிழ்ப்பதற்குள், டீச்சர் முன்னே வர, பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது.

“எப்படி வந்தீங்க?” என்று மருந்துக்கடைக்காரி கேட்டாள்.

டீச்சர் போனை நீட்டினாள். “மேப்ல இருந்துச்சேக்கா. நல்ல அகலமான வழி. பாட்டுப் பாடிட்டே வந்தோம்.”

திரையில், அவள் அழித்த அதே கோடு. தன் போனைத் திறந்து பார்த்தாள்; அதில் அந்தக் கோடு இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஈரம் மின்ன, செங்குத்தாகப் பாறை.

புருஷனும் பார்த்தான். “என்னடி யோசிக்கிற? மறுபடியும் போடு.”

அங்கேயே உட்கார்ந்து வரைந்தாள். குறிப்பில் எழுதினாள்: குழந்தைகளோடு போகலாம்.