ஊதாக் கட்டைவிரல்

அரசுப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை மேசையில், சிந்துஜாவுக்கு முன்னால் அவள் பள்ளித்தோழி பவதாரணி நின்றாள். தங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவருமில்லை என்ற உறுதிமொழியின் கீழே பவதாரணியின் அப்பா கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். ஐந்து லாரிகளுக்குச் சொந்தக்காரர். முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக்கட்டணம் மொத்தமும் தள்ளுபடியானது. அந்த ஊதா விரலையே பார்த்துக்கொண்டிருந்த சிந்துஜாவுக்கு வயிறு எரிந்தது. கைநாட்டு அப்பாவுக்கு மகளாகப் பிறக்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் நின்ற அவள் அப்பா பி.ஏ. வரலாறு. இருபது வருடமாக ஏ.டி.எம். வாசலில் காவல் இருக்கிறார். கறுப்பு அங்கியில் அவர் பட்டம் வாங்கும் படம் வீட்டில் சாமி படத்துக்கும் மேலே மாட்டியிருக்கிறது.

"அடுத்து வாங்க. வீட்ல டிகிரி முடிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டபடி கிளார்க் அதே உறுதிமொழித் தாளை நீட்டினார்.

"சொல்லுங்கப்பா, உங்க பெருமைய" என்றாள் சிந்துஜா.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டுப் பையில் செருகிக்கொண்டார்.

"அந்த ஸ்டாம்ப் பேடைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க சார்."