பனிச்சறுக்கு மாப்பிள்ளை

“முதல்ல நிக்கதுக்குச் சொல்லித் தரமாட்டாவ. விழத்தான் சொல்லித் தருவாவ” என்றான் விபின், டீ கிளாஸை ஸ்டூலில் வைத்துவிட்டு.

கொட்டாரம் ஊரில் அந்தச் சின்ன வீட்டின் முன்னறையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தான் விழுந்த கதையைச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? கதவோரம் நின்ற ஷைஜாவுக்கு மட்டும் கால் உளைந்தது.

அவள் நர்ஸ். ராத்திரி முழுக்க நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக நடந்துவிட்டு வந்தவளைத் தூங்கவிடாமல் பட்டுச்சேலை கட்டி நிறுத்தியிருந்தார்கள். இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள்.

“எம்மவன் சுவிட்சர்லாந்துல பனிச்சறுக்கு மாஸ்டராக்கும்” என்று விபினின் அம்மா செல்லபாய் மறுபடியும் நினைவூட்டினாள். போனில் இருந்த போட்டோவையும் நீட்டினாள். வெள்ளை வெளேரென்ற சரிவில், பஞ்சு வைத்த நீலக் கோட்டும் கையில் இரண்டு கம்புமாக விபின் நின்றிருந்தான். ஷைஜாவின் அப்பா ஆன்ட்ரூஸ் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

விபின் தன் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனான். பூட்ஸ் இரும்புச்சட்டி மாதிரி கனக்குமாம். பயத்தில் உடம்பு பின்னால் சாயுமாம், சாய்ந்தால் போச்சு, மல்லாக்க விழவேண்டியதுதான். நிற்க வேண்டுமென்றால் காலில் மாட்டிய பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, குதிகாலை அகட்ட வேண்டுமாம். முதல் நாள் அது வராமல் நேரே அடிவாரத்து வலையில் போய் மாட்டிக்கொண்டானாம்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “மூச்ச நல்லா இழுத்து விடுங்க” என்று தான் நோயாளிகளிடம் தினமும் சொல்கிற குரல்தான் அது என்று ஷைஜாவுக்குப் பட்டது. இந்த ஆளும் நம்மைப் போலவே அலுத்துப்போனவன் என்று நினைத்தாள். அதிலேயே அவன்மேல் கொஞ்சம் பிரியமும் வந்துவிட்டது.

ஆன்ட்ரூஸ் சவுதியில் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். மூன்று வயதில் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, “இது யாரும்மா?” என்று கேட்டாளாம் ஷைஜா. மகளை ஒரு கல்ஃப்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று மனிதர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அவளுக்கும் அதே பிடிவாதம்தான். லீவுக்கு வந்து போகும் புருஷனுக்காக அம்மா வாசலைப் பார்த்தே கழித்த வருஷங்களைக் கூட இருந்து பார்த்தவள் அல்லவா? சுவிட்சர்லாந்து என்றால் கல்யாணம் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று செல்லபாய் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால்தான் இந்த வரன் வீட்டுக்குள் வந்து முந்திரிக்கொத்து தின்ன முடிந்தது.

போனைத் திருப்பிக் கொடுக்க எழுந்த ஆன்ட்ரூஸ், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். விபின் சட்டென்று பையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினான். “கோடாலித் தைலம் அங்கிள். தேச்சுப் பாருங்க.” பைக்குள் அதேபோல இன்னும் நிறையக் குப்பிகள் கிடந்தன.

ஆன்ட்ரூஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் தெரு முழுக்கக் கொடுக்கத் தைலம் இல்லாமல் அவர் லீவுக்கு வந்ததே கிடையாது. “அங்கயும் இது கிட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டார்.

இந்தக் காலத்தில் எதுதான் எங்கே கிடைக்காது என்று செல்லபாய் முந்திக்கொண்டாள். விபின் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

பிறகு வழக்கம்போல, பிள்ளைகள் இரண்டு வார்த்தை தனியாகப் பேசட்டும் என்று பின்பக்கக் கிணற்றடிக்கு அனுப்பி வைத்தார்கள். மலைப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. கொடியில் காய்ந்த யூனிபாரத்தை ஷைஜா அவசரமாக உருவத் தொடங்கினாள். யாரும் சொல்லாமலே அவனும் அந்தப் பக்கமிருந்து உருவித் தந்தான்.

சம்மதம் சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இன்னொருவன் முன்னால் இன்னொரு சேலை கட்டி நிற்க அவளுக்குத் தெம்பு இல்லை. இவன் நல்லவனாகவும் தெரிந்தான். ஏதாவது பேச வேண்டுமே என்று அண்ணாந்து பார்த்தாள்.

“பாத்தியளா, எப்பிடிக் கறுத்துட்டு வருதுன்னு. அங்க பனி விழும்போ வானம் எப்பிடி இருக்கும்? இப்பிடித்தான் இருட்டுமா?”

விபின் கையிலிருந்த துணியை மடித்து அவளிடம் கொடுத்தான். உள்ளே செல்லபாய் கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தாள். சுவிட்சர்லாந்து என்ற வார்த்தை ஜன்னல் வழியாக மறுபடியும் வந்து விழுந்தது. அவன் மேகத்தைப் பார்த்தான், பிறகு தூக்கம் இல்லாமல் சிவந்திருந்த அவள் கண்களைப் பார்த்தான்.

“அங்க வானமே கெடையாது ஷைஜா. துபாய்ல ஒரு ஷாப்பிங் மாலுக்க உள்ளயாக்கும் அந்தப் பனி மல. மேல வெறும் தகரம்.”