காலையில் அரை, ராத்திரி ஒன்று

“எழுத மாட்டேன்னா என்ன மேடம் அர்த்தம்?”

தையல்காரர் போட்ட சத்தத்தில் மனநல கிளினிக் வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நாளையோடு அவளுக்கு மாத்திரை தீர்கிறது.

“எழுத எனக்கு அனுமதி இல்லண்ணா. நான் சைக்காலஜிஸ்ட். பேசலாம், கேட்கலாம். மருந்துச் சீட்டை டாக்டர்தான் எழுதணும்.”

அன்றைக்கு இதே பதிலை சைக்காலஜிஸ்ட் சொல்வது நான்காவது முறை. எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை.

“டாக்டரைத்தான் காணோமே! மாசத்துக்கு ஒரு நாள் வருவார். இந்த மாசம் அதுவும் இல்ல. இன்னும் இருபத்து மூணு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் இவ என்ன செய்வா? போன தடவை நாலே நாள் மாத்திரை விட்டதுக்கு நடுரோட்டுல போய் நின்னா. மறந்துட்டீங்களா?”

“மறக்கலண்ணா.”

எப்படி மறப்பாள்? போலீஸ்காரர் கூட்டி வந்தபோது அந்தப் பெண் ஓடிவந்து பிடித்துக்கொண்டது இவள் கையைத்தான். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் வருகிற பெண்.

ரிசப்ஷன் பெண் மெல்ல உள்ளே வந்தாள். மாதம் ஒருமுறை வந்து போகிற அந்த டாக்டருக்கு அவள் வைத்திருந்த பெயர் ‘விருந்தாளி’.

“அக்கா, விருந்தாளி கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிட்டுப் போன சீட்டு டிராயர்ல பத்து இருக்கு. அவசரம்னா எழுதிக்கோங்கன்னு அவரேதானே சொன்னாரு?”

தையல்காரருக்கு உயிர் வந்தது. “அப்புறம் என்ன மேடம்? பழைய சீட்டைப் பார்த்து அப்படியே இறக்கிடுங்க.”

“அது திருட்டுத்தனம்ணா.”

“ஓஹோ! சைக்காலஜிஸ்டும் அதுக்குன்னு தனியாப் படிச்சுட்டு மருந்து எழுதலாம்னு சட்டம் வேணும், மனுவுல கையெழுத்துப் போடுங்கன்னு என் கடை ஏறி வந்தீங்க. நானும் போட்டேன். சட்டை தைக்க வந்தவனையெல்லாம் போட வெச்சேன். இப்ப எனக்கே சட்டம் பேசுறீங்க.”

“திருட்டுத்தனமா எழுதறதா இருந்தா சட்டம் எதுக்குண்ணா?”

“நல்லா இருக்கும்மா உங்க நியாயம்! அளவெடுக்கிறது நீங்க, துணி வெட்டுறது இன்னொருத்தர். அவர் ஆளைக் கண்ணால பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. எப்படிப் பொருந்தும்?”

அவள் அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை எப்பலேர்ந்துடா நடுங்குது?”

“மூணு வாரமா.” பெண் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். “ஊசியில நூல் கோக்க வரல. அப்பா பயப்படுவாருன்னு சொல்லல.”

தையல்காரர் மகளைப் பார்த்தார்.

“பழைய சீட்டை அப்படியே இறக்கினா இந்த நடுக்கத்தையும் சேர்த்துத்தான் இறக்கணும்ணா” என்றாள் சைக்காலஜிஸ்ட்.

காலையிலிருந்து ஏழாவது தடவையாக டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். இந்த முறை எடுத்துவிட்டார். தையல்காரருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“சொல்லும்மா, சீக்கிரம். நான் வெளியூர்ல இருக்கேன்.”

“தையல்காரர் பொண்ணு டாக்டர்…”

“எந்தப் பொண்ணு?”

வயது, எடை, என்ன நோய், எந்த மாத்திரை, எப்போதிலிருந்து என்று ஃபைலைத் திறக்காமலே சொன்னாள். “காலையில அரை, ராத்திரி ஒண்ணு. நாளையோட முடியுது.”

“அதுக்குத்தானே சீட்டு வெச்சிருக்கேன். எழுதிக் கொடுத்துடேன்.”

“இல்ல டாக்டர். மூணு வாரமா கை நடுங்குது. நீங்க எடுக்கச் சொன்ன ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் நேத்துதான் வந்தது. அதுல மருந்து அளவு மேல் வரம்பைத் தொட்டிருக்கு.”

“அடடா. அப்ப என்ன பண்ணலாம்?”

“நீங்கதான் சொல்லணும்.”

“நீ என்ன நினைக்கிற?”

அவள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். “காலையில போடுற அரையை நிறுத்திட்டு, ஒரு வாரத்துல மறுபடி ரத்தம் பார்க்கலாமா?”

“அதேதான் நானும் சொல்ல வந்தேன்!”

தையல்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள்.

“அப்ப மருந்துக் கடைக்கு நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நம்பர் அனுப்பியிருக்கேன்.”

“உன் பிடிவாதம் இருக்கே! சரி, லைன்லயே இரு.”

இன்னொரு போனில் அவர் பேசுவது இங்கே கேட்டது. “ஆமாப்பா, நான் டாக்டர்தான். காலையில வேண்டாம். ராத்திரி ஒண்ணு.” நடுவில் குரல் இந்தப் பக்கம் திரும்பியது. “எத்தனை நாளைக்கும்மா?”

“பத்து நாளைக்கு டாக்டர்.”

“பத்து நாளைக்குப்பா. உடனே கொடுத்துடு, சீட்டு பின்னாடியே வரும்.”

தையல்காரர் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “மன்னிச்சிடுங்க மேடம்” என்றார், பாதிக் குரலில்.

“தேங்க்ஸ் டாக்டர்.”

“தேங்க்ஸ் எதுக்கு? நீ பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டு வருஷமா ஒண்ணாவது தப்பாயிருக்கா? சரி, வெச்சிடறேன், உங்க மனுவை விசாரிக்கிற சட்டக் குழுவுல என் பேரைக் கூப்பிடுறாங்க. நீ மனசுல எதுவும் வெச்சுக்காதேம்மா, நான் பொதுவாத்தான் பேசப் போறேன்… உங்க ஆளுங்களை மருந்து எழுத விட்டா எவ்வளவு ஆபத்துன்னு!”